வெள்ளை பழுத்த கதை

2023 தீபாவளிக்கு மறுநாள் அக்கா மகன் செம்பூரில் என் வீட்டுக்கு வந்திருந்தான். சரக்குக் கப்பலில் தலைமைப் பொறியாளர். ஆண்டில் ஆறு மாதம் தண்ணீரில் இருப்பவன். கரையேறினால் முதல் சாப்பாடு மாமா வீட்டில்தான். மோர்க்குழம்புக்குக் கையை நீட்டியபோது அவன் மணிக்கட்டில் இருந்த கடிகாரம் கண்ணில் பட்டது. ரோலக்ஸ். பெயர் என்னவோ பெரிய பெயர்தான். ஆனால் அதன் வெள்ளை முகப்பு மட்டும் ஏடு படிந்த பாலைப் போலப் பழுத்துக் கிடந்தது.

"ஏண்டா, இவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருக்கே, டயல் மஞ்சளடிச்சுப் போயிருக்கே! கம்பெனியில் கொடுத்து மாத்திக்கக் கூடாதா?" என்றேன்.

அவன் சிரித்தான். "மாமா, டயல் மாத்தாத வாட்ச் கிடைக்கணும்னு மூணு வருஷம் தேடினேன். இந்தப் பழுப்புக்குத்தான் காசே!"

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. மருமான் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு சில மாதங்கள் படித்தேன். பழைய கடிகாரங்களோடு புழங்கும் சிலரைத் தேடிப்போய்க் கேட்டேன். ஒரு கடிகாரத்தின் முகத்து நிறம் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறுகிறது, எதனால் மாறுகிறது என்று நான் தெரிந்துகொண்டதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

குகைக்குள் போகும் கடிகாரம்

மருமான் கையில் இருந்தது ரோலக்ஸ் நிறுவனத்தின் 'எக்ஸ்ப்ளோரர் 2' என்ற வகை. எவரெஸ்டில் மனிதன் கால் வைத்த 1953ஆம் ஆண்டில் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரில் மலையேறுவோருக்கான கடிகாரம் ஒன்றை அந்த நிறுவனம் வெளியிட்டது. அதன் பின்னோன்தான் 1971இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 2. இது மலைக்கு அல்ல, குகைக்கு. பூமிக்கு அடியில் நாட்கணக்கில் தங்கி ஆராய்ச்சி செய்பவருக்குச் சூரியன் தெரியாது. கடிகாரம் பத்து மணி காட்டினால் அது காலைப் பத்தா, இரவுப் பத்தா? இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக நான்காவதாக ஒரு முள் வைத்தார்கள். அது நாள் ஒன்றுக்கு ஒரே சுற்றுதான் சுற்றும். கண்ணாடியைச் சுற்றியுள்ள எஃகு வளையத்தில் 24 மணி வரை எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முள் 10இல் நின்றால் காலை, 22இல் நின்றால் இரவு. அவ்வளவுதான் விஷயம்.

அந்த முதல் தலைமுறைக்கு மாடல் எண் 1655. முகப்பு, பள்ளிக்கூடக் கரும்பலகையைப் போல மினுமினுப்பே இல்லாத கறுப்பு. அதன் மேல் நல்ல கனகாம்பர நிறத்தில் அகன்ற அம்புமுனையோடு அந்த 24 மணி முள். இத்தாலியர்கள் இதற்கு 'ஃப்ரெச்சோனே', அதாவது 'பெரிய அம்பு' என்று செல்லப் பெயரே வைத்துவிட்டார்கள். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் பெயரையும் இதற்குச் சூட்டி ஒரு காலத்தில் விற்றார்கள். அவர் இதை அணிந்ததற்குச் சான்றே கிடையாது.

இன்று ஆசையோடு தேடப்படும் இந்த 1655, வந்த காலத்தில் கடைகளில் தூங்கியது என்பதுதான் வேடிக்கை. குகைக்குள் போகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்! மற்றவர்களுக்கு அதன் முகம் ஏதோ கருவியின் முகம் போல இருந்தது. ஏறத்தாழ 1985 வரை அது அப்படியே தொடர்ந்தது. இதற்கிடையில் வெயில் தன் வேலையைச் செய்தது. பல கடிகாரங்களில் கனகாம்பர முள் வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரே ஆண்டில் செய்யப்பட்ட இரண்டு 1655களை அருகருகே வைத்தால் ஒன்றின் முள் ஆரஞ்சாகவும் மற்றொன்றின் முள் வெளிர்மஞ்சளாகவும் இருக்கக் காணலாம். எது அலமாரியில் இருந்தது, எது வெயிலில் அலைந்தது என்பதை முள்ளே சொல்லிவிடும்.

வெள்ளை வந்தது, வெள்ளை போனது

1985இல் இரண்டாம் தலைமுறை பிறந்தது. எண் 16550. பிளாஸ்டிக் கண்ணாடி போய், எளிதில் கீறல் விழாத சஃபயர் கண்ணாடி வந்தது. மணி முள்ளைத் தனியாக ஒவ்வொரு மணி நேரமாக நகர்த்தும் வசதியும் வந்தது. இதனால் குகைவாசி அல்லாதவருக்கும் இது பயன்பட்டது. நான்காவது முள்ளை ஊர் நேரத்தில் விட்டுவிட்டு, போன இடத்து நேரத்தை மற்ற முட்களில் பார்க்கலாம். நம் நாட்டு நேரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அரை மணிதான் இதில் அடங்காது. "அந்த அரை மணியை மனசுலயே கூட்டிக்க வேண்டியதுதான்" என்கிறான் மருமான்.

நிறத்தைப் பொறுத்தவரை இதுதான் திருப்புமுனை. கறுப்பு தொடர்ந்தது, கூடவே எக்ஸ்ப்ளோரர் 2இல் முதன்முறையாக வெள்ளை முகப்பு வந்தது. பனிப்பிரதேசத்தை நினைவூட்டுவதால் வெள்ளை முகப்புக்கு 'போலார்', துருவம் என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். கனகாம்பர அம்பு நின்றது. அதற்குப் பதிலாக மெல்லிய சிவப்பு முள் வந்தது.

இங்கேதான் கதை. அந்த வெள்ளைப் பூச்சில் ஒரு குறை இருந்தது. கடையை விட்டுப் போகும்போது வெள்ளையாகப் போன முகப்புகளில் ஒரு பகுதி, ஆண்டுகள் செல்லச் செல்லத் தந்த நிறமாகி, பிறகு பாலேட்டு நிறத்துக்கு வந்துவிட்டது.

டயல் என்பது பெரும்பாலும் ஒரு பித்தளைத் தகடுதான். கெட்டியான தாளைவிடச் சற்றுத் தடித்தது. பின்புறம் இரண்டு சிறு கால்கள் இருக்கும். அவைதான் அதை இயந்திரத்தோடு பிணைக்கின்றன. அந்தத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சை மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவார்கள், அல்லது மின்முலாம் பூசுவார்கள். பிறகு மென்மையான ரப்பர் போன்ற திண்டில் மையைத் தொட்டு எழுத்துகளையும் நிமிடக் கோடுகளையும் பதிப்பார்கள். கடைசியில் மணிக்குறிகளைப் பொருத்துவார்கள். வீட்டு ஜன்னலுக்கு அடித்த வெள்ளைப் பெயிண்ட் சில ஆண்டுகளில் மஞ்சளாவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெள்ளைத் தூள் நிறம் மாறுவதில்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் பசைப்பொருள்தான் காற்றிலும் ஒளியிலும் மூப்படைகிறது. கறுப்பிலோ நீலத்திலோ அந்த மூப்பு சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை மறைக்கத் தெரியாத நிறம். அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

நிறுவனத்தின் கண்ணில் இது ஒரு தவறு. தவறைத் திருத்துவதுதான் முறை. ஆகவே பழுது பார்க்க வந்த பல கடிகாரங்களில் பழுத்த முகப்பைக் கழற்றிவிட்டுப் புது வெள்ளை முகப்பைப் பொருத்தி அனுப்பினார்கள். வாடிக்கையாளர்களும் மகிழ்ச்சியாகவே வாங்கிச் சென்றார்கள். அன்றைக்கு நான் கேட்ட கேள்வியைத்தானே அவர்களும் கேட்டிருப்பார்கள்!

ஆக, 16550 ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே தயாரானது. அதில் வெள்ளை ஒரு பகுதி. வெள்ளையில் பழுத்தது ஒரு பகுதி. பழுத்ததில் மாற்றப்படாமல் தப்பியது இன்னும் சிறு பகுதி. குறை என்று களைந்துகொண்டே வந்ததில், எஞ்சியது அருமையாகிவிட்டது. மருமான் மூன்று வருஷம் தேடியதன் கணக்கு இதுதான்.

திருந்திய வெள்ளை

1989இல் மூன்றாம் தலைமுறை, எண் 16570. பூச்சுக் குறை நீங்கியது; இந்த வெள்ளை வெள்ளையாகவே நின்றது. வெள்ளை முகப்பில் மணிக்குறிகளுக்கும் முட்களுக்கும் கறுப்புக் கரை கட்டினார்கள், தும்பைப்பூ வேட்டிக்குக் கறுப்புக் கரை போட்டதுபோல. கறுப்பு முகப்பில் வெள்ளைத் தங்கத்தில் விளிம்பு. இந்த முகம் 2011 வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது.

முகம் மாறாவிட்டாலும் அதில் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. இருட்டில் மணி தெரிவதற்காகக் குறிகளில் இடும் ஒளிர்பூச்சில், 1998 வாக்கில் வரை டிரிட்டியம் என்ற மென்கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. டயலின் அடிவிளிம்பில் 6 மணிக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 'ஸ்விஸ்' என்ற சொல்லும், 'டி' என்ற ஆங்கில எழுத்தும், 25க்குக் குறைவு என்ற குறியும் பொடி எழுத்தில் தெரியும். டிரிட்டியம் 25 மில்லிக்யூரிக்கும் குறைவு என்பது அதன் பொருள். பிறகு கதிர்வீச்சில்லாத பூச்சு வந்ததும் அந்த 'டி' மறைந்தது.

டிரிட்டியத்தின் அரையாயுள் 12.3 ஆண்டுகள். 1985இல் இட்டது 2023இல் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே மருமானின் கடிகாரம் இருட்டில் ஒளிர்வதில்லை. ஆனால் அந்தக் குறிகளும் பகலில் பார்த்தால் முகப்போடு சேர்ந்து பழுத்து, மணத்தக்காளி வற்றல் வறுத்த எண்ணெய் போல ஒரு நிறத்தில் இருக்கின்றன. முகமும் குறிகளும் ஒரே வயதில் மூத்திருப்பதுதான் அது அசல் என்பதற்கு நல்ல அடையாளம். முகம் மூத்துக் குறி மட்டும் இளமையாக இருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2011இல், முதல் எக்ஸ்ப்ளோரர் 2 வந்து நாற்பதாவது ஆண்டில், நான்காம் தலைமுறை வந்தது. உடல் 40 மில்லிமீட்டரிலிருந்து 42 ஆகப் பெருத்தது. கனகாம்பர அம்பும் திரும்பி வந்தது! யாரும் வாங்காமல் கிடந்த அதே முகத்தின் நினைவுதான் இப்போது பெருமை. கறுப்பு முகப்பில் முட்களின் அடிப்பகுதியையும் கறுப்பாக்கிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் முட்கள் அந்தரத்தில் மிதப்பதுபோலத் தோன்றும். 2021இல், ஐம்பதாவது ஆண்டில், ஐந்தாம் தலைமுறை வந்தது. கறுப்பும் வெள்ளையும் தொடர்ந்தன. வெள்ளை முகப்பின் குறிகளுக்கும் முட்களுக்கும் மட்டும் பளபளப்பில்லாத, உரியாத கறுப்பு மேற்பூச்சு இட்டார்கள்.

ஐம்பது ஆண்டுகள், ஐந்து தலைமுறைகள். ஆலை கொடுத்தது கறுப்பு, வெள்ளை என்று இரண்டே நிறங்கள். மூன்றாவது நிறத்தைக் கொடுத்தது காலம். அந்த நிறத்தை எந்தப் பட்டியலிலும் எண் போட்டு யாரும் விற்றதில்லை.

நம்மூர் வெயிலும் நம்மூர் வர்ணமும்

1950, 60களின் பழைய கறுப்பு முகப்புகள் சில வெயில் பட்டுப் பட்டுக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வருவதுண்டு. இதை உலகெங்கும் 'டிராபிகல் டயல்' என்கிறார்கள். வெப்ப மண்டலத்து முகப்பு என்று பொருள். நம்மைப் போன்ற நாடுகளின் வெயிலுக்குக் கிடைத்த பெயர் அது.

நம் மும்பைக்கும் இந்த உலகில் ஒரு பெயர் உண்டு. அது அவ்வளவு பெருமையான பெயர் அல்ல. பழைய டயலைச் சுரண்டி, புது வர்ணம் அடித்து, எழுத்துகளை மறுபடி அச்சடித்துப் புதுசு போல ஆக்குவதில் நம் ஊர்க் கைகள் தேர்ந்தவை. கோட்டைப் பகுதிச் சந்துகளிலும் சோர் பஜாரிலும் பார்த்திருப்பீர்கள்: கிளிப்பச்சை, குங்குமச் சிவப்பு, மயில்நீலம் என்று பழைய கடிகாரங்கள் புது முகத்தோடு வரிசையாகச் சிரிக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்கிறார்கள். ஏளனமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் புதுக் கடிகாரம் வாங்குவது பெரிய செலவாக இருந்த நாட்களில், கறை பிடித்த கடிகாரத்தை மனிதர் மறுபடி கட்டிக்கொள்ள வழி செய்தது இந்தத் தொழில்தான். அதையும் மறக்கக் கூடாது.

இனி, எனக்குச் சுருக்கென்ற காரணம். என் தகப்பனாரிடம் பழைய சுவிஸ் கடிகாரம் ஒன்று இருந்தது. ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. விக்டோரியா டெர்மினஸுக்கு முப்பது வருஷம் அதைக் கட்டிக்கொண்டுதான் போய் வந்தார். ஏதோ ஒரு மழைக்காலத்தில் உள்ளே ஈரம் இறங்கி, 6 மணி எண்ணுக்குப் பக்கத்தில் பிறை வடிவத்தில் பழுப்புக் கறை ஒன்று விழுந்துவிட்டது. மீதி முகமும் மங்கல். 1988இல் கடைசித் தங்கையின் கல்யாணம். பெண்ணின் தகப்பனார் கையில் இப்படிக் கறை படிந்த கடிகாரமா என்று எனக்குத் தோன்றியது. அவரைக் கேட்காமலே எடுத்துப் போய் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் நூல் பிடித்தாற்போல ஒரே கேள்வி கேட்டார்: "கோன்ஸா ரங் சாஹியே?" எந்த நிறம் வேண்டும்? நீலம் என்றேன். அவர் நான் கேட்டதைத்தான் செய்து கொடுத்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அப்பா அதை வாங்கிப் பார்த்தார். "நல்லா இருக்குடா" என்றார். கல்யாணத்தன்று கட்டிக்கொண்டார். அதன் பிறகு அது பெரும்பாலும் மேஜை டிராயரிலேயே இருந்தது. ஒருநாள் கேட்டதற்கு, "அந்தக் கறையைப் பார்த்துத்தான் கீழ் பாதி எதுன்னு சட்டுன்னு தெரியும். இப்போ கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கு" என்றார். 1997இல் காலமானார்.

மாற்றுவதற்கு முன்

நம் வீடுகளில் அப்பாவின், தாத்தாவின் கடிகாரங்கள் பீரோவில் இருக்கும். அது விலையுயர்ந்த கடிகாரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழுது பார்க்கக் கொடுக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள்:

கொடுக்கும்போதே "டயலையும் முட்களையும் தொட வேண்டாம், இயந்திரத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள்" என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். பெரிய சர்வீஸ் மையமானாலும் தெருமுனைக் கடையானாலும் இது பொருந்தும்.

பாகம் எதையாவது மாற்றியே ஆகவேண்டும் என்றால், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். கறை படிந்த டயல் ஒரு காகித உறையில் வீட்டில் இருப்பது, இல்லாமல் போவதைவிட மேல்.

பழைய கடிகாரம் வாங்குபவர் பூதக்கண்ணாடி இல்லாமல் வாங்க வேண்டாம். எழுத்துகளின் ஓரம் தடித்திருக்கிறதா, நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு நேராகச் சேர்கின்றனவா, அடிவிளிம்பில் இருக்க வேண்டிய பொடி எழுத்து இருக்கிறதா, முகத்துக்கும் குறிகளுக்கும் ஒரே வயதா என்று பாருங்கள். அந்த மாடலில் அந்த ஆண்டில் அந்த நிறம் வந்ததா என்றும் விசாரியுங்கள்.

நல்ல வெயிலிலும் ஈரத்திலும் வைக்காதீர்கள். தானாக மூப்பது வேறு, நாம் வாட்டுவது வேறு.

மறுபடி அந்த டிராயர்

மருமான் அடுத்த முறை கரைக்கு வந்தபோது, "மாமா, தாத்தாவோட வாட்ச் எங்கே? அதுல பிறை மாதிரி ஒரு கறை இருக்குமே, சின்ன வயசுல என்னைத் தூக்கி வச்சுண்டு நிலா நிலான்னு காட்டுவாரே!" என்று கேட்டான். அவனுக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். நீல முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். நான் நடந்ததைச் சொன்னேன்.

"பழைய மாதிரியே வெள்ளை அடிச்சு வாங்கிடலாமா? இப்போ நல்ல ஆட்கள் இருக்காங்களாமே" என்று கேட்டேன். முப்பத்தைந்து வருஷமாக மனத்தில் இருந்ததுதான் அப்படி வெளியே வந்தது.

அவன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "வேண்டாம் மாமா. வெள்ளை அடிச்சா அது வெள்ளை பெயிண்ட்தான். தாத்தாவோட வெள்ளை ஆகாது. இந்த நீலம் சித்தி கல்யாணத்துக்குப் போட்டது. அதுக்கும் இப்போ வயசாச்சு. ஓரத்துல பாருங்க, ஊதா அடிக்க ஆரம்பிச்சிருக்கு" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். 6 மணிக்குப் பக்கத்தில், அந்தப் பழைய பிறை இருந்த இடத்தில் அல்ல, சற்றுத் தள்ளி, நீலம் மெல்ல நிறம் மாறத் தொடங்கியிருந்தது. சாவி கொடுத்துக் காதில் வைத்தேன். ஓடியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிக்கொள்கிறேன். மணி பார்க்கக் கண்ணாடி போட வேண்டியிருக்கிறது.